காயா, சோறா? உருளைக்கிழங்கும் சர்க்கரை நோயாளியின் தட்டும்

உருளைக்கிழங்கில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். வேகவைத்த 100 கிராம் கிழங்கில் ஏறத்தாழ 20 கிராம் மாவுச்சத்தும், 2 கிராம் அளவுக்குப் புரதமும், அதே அளவு நார்ச்சத்தும் இருக்கின்றன. கொழுப்பு இல்லை என்றே சொல்லலாம். அதே 100 கிராம் வெள்ளைச் சோற்றில் மாவுச்சத்து சுமார் 28 கிராம். எடைக்கு எடை வைத்துப் பார்த்தால் சோற்றைவிடக் கிழங்கில் மாவு குறைவு. அப்படியிருந்தும் ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்ததும் வீட்டில் முதலில் நிறுத்தப்படுவது கிழங்குதான். சோறு மட்டும் பழைய அளவிலேயே தொடர்கிறது. இந்த முரண் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், வெளிநாடுகளில் ‘மாவு குறைந்த உருளைக்கிழங்கு’ என்று விற்கப்படும் ரகங்களால் எவ்வளவு பயன், கிழங்குக்குப் பதிலாக எதைச் சமைக்கலாம் என்பதெல்லாம் விளங்கும்.

உலகின் பல நாடுகளில் உருளைக்கிழங்குதான் சோறு. தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலையில், டிட்டிகாக்கா ஏரியைச் சுற்றிய மேட்டுநிலத்தில் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பயிரான இந்தக் கிழங்கு, 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்பானியர்களோடு ஐரோப்பா சென்றது. அயர்லாந்திலும் ஜெர்மனியிலும் போலந்திலும் தட்டில் கிழங்கு வந்தால் ரொட்டியின் அளவு குறையும். இந்தியாவுக்கு அதைக் கொண்டுவந்தவர்கள் போர்ச்சுகீசியர்கள். மராத்தியில் இன்றும் அதன் பெயர் ‘பட்டாட்டா’. நீலகிரியில் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் பயிரிடத் தொடங்க, மேட்டுப்பாளையம் மண்டி வழியாகச் சமவெளிக்கு இறங்கிய கிழங்கு, தமிழர் சமையலில் வேறோர் இடத்தைப் பிடித்தது. இங்கே அது காய். சாம்பார் சாதத்துக்குப் பொரியல், தயிர்சாதத்துக்கு வறுவல், பூரிக்கு மசால், தோசைக்குள்ளும் மசால். மாவுக்குத் துணை மாவு.

காய் என்று நினைத்து உண்பதால்தான் அதன் மாவு யார் கணக்கிலும் வருவதில்லை. உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 400 கிராம் காய்கனி சாப்பிடச் சொல்லும்போது உருளையையும் மற்ற மாவுக்கிழங்குகளையும் அதில் சேர்ப்பதில்லை. ஹார்வர்டு பொதுச் சுகாதாரப் பள்ளி வெளியிட்டுள்ள உணவுத்தட்டுப் படத்திலும் காய்கறிப் பகுதியில் உருளைக்கு இடமில்லை. சர்க்கரை உள்ளவர் வீட்டில் எந்தப் புது ரகத்தையும் தேடுவதற்கு முன் செய்யவேண்டியது, கிழங்கைக் காய்க் கணக்கிலிருந்து எடுத்துச் சோற்றுக் கணக்கில் எழுதுவது. ஒரு கரண்டி கிழங்கு தட்டுக்கு வந்தால் ஒரு கரண்டி சோறு தட்டிலிருந்து இறங்கவேண்டும்.

இது சிறிய விஷயம் அல்ல. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.–இன்டியாப் ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயோடு வாழ்பவர்கள் 10.1 கோடிப் பேர். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம், பக்கத்திலிருக்கும் புதுச்சேரியில் 26.3 சதவீதம். அதே ஆய்வுத்திட்டம் 2025இல் வெளியிட்ட உணவு அறிக்கை, இந்தியர்கள் உண்ணும் கலோரியில் ஏறத்தாழ 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று காட்டியது. அந்த 62ஐக் குறைப்பதில்தான் சர்க்கரை நோயாளியின் உணவு மாற்றம் தொடங்குகிறது. உருளை அதில் ஒரு பகுதி மட்டுமே.

வேகமும் அளவும்

கிழங்கின் மாவு, மிக நுண்ணிய துகள்களாகச் செல்களுக்குள் அடுக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு துகளிலும் குளுக்கோஸை மணிமணியாகக் கோத்த இருவகைச் சரங்கள் உள்ளன. நேராக நீளும் சரம் அமைலோஸ். மரக்கிளை போலப் பிரியும் சரம் அமைலோபெக்டின். உருளையில் அமைலோஸ் ஐந்தில் ஒரு பங்கு அல்லது சற்றுக் கூடுதல், மீதியெல்லாம் அமைலோபெக்டின். கிளை அதிகமென்றால் நுனிகளும் அதிகம். செரிமான நொதிகள் ஒரே நேரத்தில் பல நுனிகளிலிருந்து கடித்து இறங்கலாம். பச்சைக் கிழங்கில் இந்தச் சரங்கள் இறுகக் கட்டுண்டிருப்பதால் நொதி உள்ளே நுழையமுடியாது. வேகவைக்கும்போது, 60 முதல் 70 டிகிரி வெப்பத்தில், துகள்கள் நீரை உறிஞ்சி ஊதிக் குழைகின்றன, கட்டு அவிழ்கிறது. நன்கு குழைந்த கிழங்கின் மாவு உமிழ்நீரிலேயே உடையத் தொடங்கி, சிறுகுடலில் சில நிமிடங்களில் குளுக்கோஸாகி இரத்தத்தில் சேர்கிறது. இன்சுலின் போதிய அளவு சுரக்கும் உடல் அதைச் சமாளிக்கும். சுரப்பு குறைந்தோ, சுரந்தும் வேலை செய்யாமலோ போன உடலில் குளுக்கோஸ் இரத்தத்திலேயே தேங்கிவிடுகிறது.

இந்த வேகத்தை அளக்க 1981இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜென்கின்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். கிளைசெமிக் குறியீடு என்பது அதன் பெயர். சுத்தக் குளுக்கோஸுக்கு 100 என்று வைத்து, அதே அளவு மாவுச்சத்துள்ள வேறோர் உணவு இரண்டு மணி நேரத்தில் இரத்தச் சர்க்கரையை எவ்வளவு உயர்த்துகிறது என்று ஒப்பிடுவார்கள். 55க்குள் இருந்தால் குறைவு. 70ம் அதற்கு மேலும் அதிகம். 2008இல் வெளியான சர்வதேசப் பட்டியலின் சராசரிப்படி வேகவைத்த உருளை 78, பாக்கெட்டில் வரும் உடனடி மசியல் 87, வெள்ளை அரிசிச் சோறு 73, சப்பாத்தி 52. பிரெஞ்ச் ஃப்ரைஸ் 63 என்றே அதில் இருக்கிறது.

இந்தக் கடைசி எண்ணைப் பார்த்துப் பொரித்த கிழங்கே மேல் என்று முடிவு கட்டிவிடக்கூடாது. எண்ணெய் இரைப்பையில் உணவைத் தாமதப்படுத்துவதால் சர்க்கரை மெதுவாக ஏறுகிறது, அவ்வளவே. கலோரி மூன்று மடங்குக்கு மேல் கூடிவிடும். அமெரிக்காவில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான மருத்துவப் பணியாளர்களை நாற்பது ஆண்டுகளுக்கு நெருக்கமாகத் தொடர்ந்து கவனித்த ஹார்வர்டு ஆய்வு 2025இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. வாரம் மூன்று முறை பிரெஞ்ச் ஃப்ரைஸ் உண்டவர்களுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 20 சதவீதம் கூடியிருந்தது. வேகவைத்தோ சுட்டோ மசித்தோ உண்டவர்களிடம் குறிப்பிடத்தக்க கூடுதல் இல்லை. தமிழ் வாசகர் கவனிக்கவேண்டிய இன்னொரு முடிவும் அதில் உண்டு. உருளையை விட்டு முழுத்தானியத்துக்கு மாறினால் ஆபத்து குறைகிறது. உருளையை விட்டு வெள்ளைச் சோற்றுக்கு மாறினால் கூடுகிறது. கிழங்கை நிறுத்திவிட்டு அந்த இடத்தைச் சோற்றால் நிரப்பும் வீடுகள் இதை ஒருமுறைக்கு இருமுறை யோசிக்கவேண்டும்.

குறியீடு வேகத்தை மட்டுமே சொல்லும், அளவைச் சொல்லாது. பூசணிக்காயின் குறியீடு 64 என்பதால் பலர் அதை ஒதுக்குகிறார்கள். ஆனால் 100 கிராம் பூசணியில் இருக்கும் மாவுச்சத்தே ஆறேழு கிராம்தான். கூட்டில் ஒரு கிண்ணம் பூசணி உண்டாலும் சர்க்கரையில் அதன் பங்கு சொற்பம். வேகத்தையும் அளவையும் பெருக்கிப் பார்ப்பதே சரியான கணக்கு. அப்படிப் பார்த்தால் 150 கிராம் வேகவைத்த உருளை கனமான சுமை. 50 கிராம் உருளை தாங்கக்கூடிய சுமை.

மாவு குறைந்த ரகங்கள்

அமெரிக்காவில் மாவுச்சத்தை ஒதுக்கும் அட்கின்ஸ் உணவுமுறை உச்சத்தில் இருந்த 2004ஆம் ஆண்டில், உருளை விற்பனை சரிந்துவிடும் என்ற கவலை விவசாயிகளிடம் எழுந்தது. அப்போது ஃபுளோரிடாவில், நெதர்லாந்தின் எச்.இசட்.பி.சி. விதை நிறுவனம் இனக்கலப்பில் உருவாக்கிய ஒரு ரகத்தைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் விவசாயிகள் கூட்டுறவு ஒன்றும் சேர்ந்து வளர்த்து, அமெரிக்காவின் வழக்கமான ரஸ்ஸெட் பர்பாங்க் கிழங்கைவிட 30 சதவீதம் மாவு குறைவு என்று அறிவித்தார்கள். ஆஸ்திரேலியாவில் ‘ஸ்பட் லைட்’ என்ற பெயரில் 25 சதவீதம் குறைந்த கிழங்கு வந்தது. நியூசிலாந்தில் 2017இல் ‘லோட்டேட்டோஸ்’ வந்தது. அந்நாட்டில் அதிகம் விற்கும் ருவா, அக்ரியா ரகங்களைவிட 40 சதவீதம் குறைவு என்பது அதை விற்ற நிறுவனத்தின் அறிவிப்பு.

மரபணு மாற்றம் எதுவும் இவற்றில் இல்லை. விஷயம் எளியது: கிழங்கில் உலர்பொருள் குறைந்து தண்ணீர் கூடியிருக்கிறது. தண்ணீரை நீக்கினால் மிஞ்சும் பகுதியே உலர்பொருள். அதில் பெரும்பங்கு மாவு. சிப்ஸ் தொழிற்சாலைகள் இதை நேர்மாறாகத் தேடுகின்றன. உப்புக் கரைசலில் கிழங்கைப் போட்டு, மூழ்குவதை எடுத்துக்கொண்டு மிதப்பதைக் கழிப்பது அவர்களின் பழைய சோதனை. மாவு மிகுந்த கனமான கிழங்கு எண்ணெயைக் குறைவாகக் குடித்து மொறுமொறுப்பாகும். சிம்லாவிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் சிப்ஸுக்காகவே உருவாக்கிய குஃப்ரி சிப்சோனா வரிசையில் உலர்பொருள் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கும். வட இந்தியாவில் பரவலாக விளையும் குஃப்ரி புக்ராஜில் அது குறைவு. வெளிநாட்டுப் பெயர்ப்பலகை இல்லாத மாவு குறைந்த கிழங்கு இந்தியக் கடையிலும் இருக்கிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். வெந்தபின் உதிர்ந்து மாவாகும் கிழங்கில் மாவு அதிகம். துண்டு உடையாமல் வழவழப்பாக நிற்கும் கிழங்கிலும், தோல் மெல்லிதாக உரியும் இளங்கிழங்கிலும் சற்றுக் குறைவு.

பயனை எண்ணில் பார்க்கலாம். சாதாரணக் கிழங்கு 150 கிராமில் 30 கிராம் மாவு. 40 சதவீதம் குறைந்த ரகத்தில் 18 கிராம். மிச்சம் 12 கிராம், அதாவது இரண்டு வாய்ச் சோறு. குறைவு உண்மைதான், ஆனால் ‘இது சர்க்கரைக்காரர் கிழங்கு’ என்ற நம்பிக்கையில் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டால் அந்த மிச்சம் போய்விடும்.

ஆஸ்திரேலியாவில் விற்கப்படும் ‘கரிஸ்மா’ வேறு வகை. நெதர்லாந்தின் அக்ரிகோ நிறுவனம் உருவாக்கிய அந்த ரகத்தின் சிறப்பு, அதன் மாவு மெதுவாகச் செரிப்பது. கிளைசெமிக் குறியீடு 55 அளவில் இருந்ததால், குறைந்த குறியீட்டு முத்திரையோடு கடைக்கு வந்த முதல் உருளை என்று அங்கே அது பெயர்பெற்றது. ஆனால் அதற்கும் நிபந்தனை உண்டு: சற்று நறுக்கென்ற பதத்தில் இறக்கவேண்டும். குக்கரில் நாலு விசில் விட்டுக் குழைத்தால் எந்த ரகத்தின் சிறப்பும் கரைந்துவிடும்.

இந்த ரகங்கள் இந்தியச் சந்தையில் பரவலாக இல்லை. இங்கே கிடைப்பது வேறொன்று, அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது. காய்கறிச் சந்தைகளில் ‘சுகர் ஃப்ரீ உருளைக்கிழங்கு’ என்று கொஞ்சம் கூடுதல் விலையில் ஒரு கிழங்கு விற்கிறது. அது சர்க்கரை நோயாளிகளுக்காக உருவானது என்று நம்பி வாங்குபவர்கள் பலர். உண்மை வேறு. சேமிப்புக் கிடங்குகளில் கிழங்கு முளைக்காமலிருக்க 2 முதல் 4 டிகிரிக் குளிரில் வைப்பார்கள். அந்தக் குளிரில் கிழங்கு தன் மாவில் ஒரு பகுதியைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கிறது. அதனால் இனிக்கிறது, பொரித்தால் கருக்கிறது. சிப்ஸ் தயாரிப்பவர்களுக்கு இது ஆகாது. எனவே 10 முதல் 12 டிகிரியில் வைத்து, முளைப்பதைத் தடுக்கும் மருந்தின் புகையைச் செலுத்திக் காக்கிறார்கள். இப்படிக் காத்த கிழங்கில் இனிப்புச் சர்க்கரை சேராது. ‘சுகர் ஃப்ரீ’ என்ற பெயர் அங்கிருந்து வந்தது. ஆனால் நோயாளியின் இரத்தத்தில் ஏறுவது அந்தச் சிறிதளவு இனிப்பு மட்டும் அல்ல. 100 கிராமுக்கு 20 கிராம் இருக்கும் மாவும்தான். அது இந்தக் கிழங்கில் அப்படியே இருக்கிறது. பெயரை நம்பி அளவைக் கூட்டிக்கொண்டால் தீங்குதான் மிஞ்சும். பொரிக்கும் கிழங்குக்கு மட்டும் இந்தச் சேமிப்பு முறையால் ஒரு நன்மை உண்டு: இனிப்பு குறைந்த கிழங்கைப் பொரிக்கும்போது அக்ரிலமைடு என்ற விரும்பத்தகாத பொருள் குறைவாக உண்டாகிறது. வீட்டில் வேகவைக்காத உருளையை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள் என்று சொல்வதும் இதே காரணத்தால்தான்.

அடுப்படியில் செய்யக்கூடியது

ரகத்தைவிடச் சமைக்கும் முறையால் கிடைக்கும் மாற்றம் பெரிது. வெந்த கிழங்கு ஆறும்போது, அவிழ்ந்த மாவுச் சரங்களில் ஒரு பகுதி மீண்டும் நெருங்கி இறுகிக்கொள்கிறது. நொதியால் அதை உடைக்கமுடியாது. சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது; நார்ச்சத்துபோலவே நடந்துகொள்கிறது. பழைய சோற்றைப் பற்றிப் பேசும்போது இப்போது அடிக்கடி காதில் விழும் ‘செரிக்காத மாவு’ இதுதான். 2005இல் டொராண்டோவில் நடந்த ஒரு சோதனையில், வேகவைத்த சிவப்புத்தோல் உருளையைச் சூடாகக் கொடுத்தபோது குறியீடு 89. ஆறவைத்துக் குளிர்ந்தபின் கொடுத்தபோது 56. அதே ஆண்டு ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில், ஆறவைத்த கிழங்கை வினிகர் கலந்த சாலட்டாகக் கொடுத்தார்கள்; சூடான கிழங்கோடு ஒப்பிட்டபோது குறியீடு 43 சதவீதம் இறங்கியது. புளிப்பு, இரைப்பை காலியாகும் வேகத்தைக் குறைப்பதை இதற்கு ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

இவற்றில் கலந்துகொண்டவர்கள் சிலரே, அவர்களும் பெரும்பாலும் ஆரோக்கியமானவர்கள். ஆறவைத்ததால் மாவு மறைந்துவிடாது. 100 கிராமில் ஓரிரு கிராம் செரிக்காததாக மாறலாம். ஆனாலும் செலவில்லாத முறை என்பதால் செய்துபார்க்கத் தகுந்தது. தோலோடு, முழுதாக, குழையாமல் வேகவைத்து, ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் தோலுரித்துத் துண்டாக்கி வெங்காயம், பச்சைமிளகாய், கொத்தமல்லி, எலுமிச்சை சேர்த்தால் நல்ல சாலட். தயிரில் போட்டால் பச்சடி. லேசாகச் சூடாக்கினாலும் பலனில் ஒரு பகுதி நிற்கும். வெளியில் வைத்து ஆறவிட்டு மறந்துவிடுவது நம் வெயிலுக்கு ஆபத்து. இரண்டு மணி நேரத்துக்குள் குளிரில் வைத்துவிட வேண்டும்.

உருளையை வெட்டித் தண்ணீரில் ஊறவைத்தால் மாவெல்லாம் போய்விடும் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளை மாவைப் பார்த்து அப்படித் தோன்றுவது இயல்பு. அது கத்தி பட்டு உடைந்த செல்களிலிருந்து வந்த மேற்பரப்பு மாவு மட்டும். துண்டுக்குள் இருப்பது அங்கேயே இருக்கும்.

எதை முதலில் உண்பது என்பதும் கணக்கில் வருகிறது. நியூயார்க்கின் வெய்ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 2015இல் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகள் சிலரிடம் நடந்த சிறு ஆய்வில், காய்கறியையும் புரதத்தையும் முதலில் உண்டு மாவைக் கடைசியில் உண்டபோது சர்க்கரை ஏற்றம் வெகுவாகத் தணிந்தது. கீரை மசியல், முட்டை, சுண்டல் முதலில். கிழங்கும் சோறும் பிறகு.

மாற்றாக வரக்கூடியவை

உருளைக்குப் பதில் வேறு கிழங்கு என்று யோசிப்பவர்களுக்கு முதலில் தோன்றுவது சர்க்கரைவள்ளி. தென்மாவட்டங்களில் சீனிக்கிழங்கு, யாழ்ப்பாணத்தில் வற்றாளங்கிழங்கு. பெயரில் சர்க்கரை இருப்பதாலேயே அஞ்சி ஒதுக்குபவர்கள் உண்டு. நார்ச்சத்து கூடுதல் என்று கேட்டுத் தட்டு நிறைய உண்பவர்களும் உண்டு. அதில் மாவுச்சத்து உருளைக்குச் சமமாகவே, 100 கிராமுக்கு 20 கிராம் அளவில் இருக்கிறது. நார் சற்று அதிகம். ஆரஞ்சு நிறச் சதையில் வைட்டமின் ஏ தரும் கரோட்டின் ஏராளம். ஜமைக்காவில் நடந்த ஒரு சோதனையில் அதே கிழங்கு வேகவைத்தபோது குறியீடு 41 முதல் 50 வரை இருந்தது. சுட்டபோது 82 முதல் 94 வரை போனது. மெதுவான அனலில் அதன் நொதிகளே மாவை மால்டோஸ் சர்க்கரையாக மாற்றிவிடுவதால்தான் சுட்ட கிழங்கில் அத்தனை இனிப்பு. சர்க்கரை உள்ளவர்களுக்கு அவித்த கிழங்கே ஏற்றது, அதுவும் சோற்றுக் கணக்கில்.

சேனைக்கிழங்கில் மாவு உருளையை ஒட்டியே, 18 கிராம் அளவில் இருக்கிறது, நார் கூடுதல். அதன் அரிப்புக்குக் காரணமான கால்சியம் ஆக்சலேட் ஊசிகளை அடக்கத்தான் நம் சமையலில் புளி சேர்க்கிறார்கள். சேப்பங்கிழங்கின் குறியீடு 53. உருளையைவிட மெதுவாகச் செரிக்கும். ஆனால் தமிழர் வீட்டில் அது பெரும்பாலும் எண்ணெயில் முறுகிய வறுவலாகவே வருகிறது. புளிக்குழம்பிலோ மோர்க்குழம்பிலோ போட்டால் அந்த நன்மை நிற்கும். பொங்கலுக்குத் தென்காசி, திருநெல்வேலிப் பக்கம் மணக்கும் சிறுகிழங்கும் மாவுக்கிழங்குதான்; பண்டிகை அளவில் உண்ணலாம். மரவள்ளி முற்றிலும் வேறு. அதில் 100 கிராமுக்கு 38 கிராம் மாவு, உருளையைப்போல இரு மடங்கு. அதிலிருந்து செய்யும் ஜவ்வரிசி கிட்டத்தட்ட முழுக்க மாவு. உபவாசத்துக்கு ஜவ்வரிசிக் கிச்சடி உண்ணும் சர்க்கரை நோயாளி இதை அறிந்திருக்கவேண்டும்.

வாழைக்காய் பச்சையாக இருக்கும்வரை அதில் செரிக்காத மாவு நிறைய. பழுக்கப் பழுக்க அது சர்க்கரையாகும். வேகும்போதும் ஒரு பங்கு குறையும். அதனால் முற்றி மஞ்சளாகத் தொடங்கிய காயைவிடப் பிஞ்சுக்காய் மேல்.

கிழங்குக்குப் பதில் கிழங்கைத் தேடுவதைவிட, உருளையின் வேலையைச் செய்யும் காயைத் தேடினால் பலன் அதிகம். உருளையின் வேலை என்ன? குருமாவில் குழம்பைக் கெட்டியாக்கிச் சுவையை உறிஞ்சிக்கொள்வது. பூரி மசாலில் மென்மையாக மசிவது. வறுவலில் மேலே முறுகி உள்ளே மிருதுவாக நிற்பது. குருமாவுக்கு நூல்கோலும் சௌசௌவும் கச்சிதம். நூல்கோலில் 100 கிராமுக்கு 6 கிராம் மாவுச்சத்து, சௌசௌவில் நான்கரை. இரண்டும் மசாலாவை உள்வாங்கும். மணம் குறைந்தவை என்பதால் எதோடும் ஒத்துப்போகும். பூரி மசாலுக்குக் காலிஃப்ளவர் பூவை ஆவியில் வேகவைத்து மசித்து, கால் பங்கு உருளை மட்டும் கலக்கலாம். அந்த மசாலின் சுவையைச் சுமப்பது வெங்காயமும் இஞ்சியும் பச்சைமிளகாயும் மஞ்சளும். கிழங்கு குறைந்தது நாக்குக்கு அவ்வளவாகத் தெரியாது. மசால் தோசையில் மட்டும் இது பாதி வேலை, ஏனென்றால் தோசையின் அரிசிமாவு அப்படியே இருக்கிறது. வறுவலுக்கு முள்ளங்கியும் பிஞ்சு வாழைக்காயும் பொருந்தும். கேரட், பீட்ரூட் இரண்டிலும் மாவும் சர்க்கரையுமாகச் சேர்த்து 10 கிராமுக்குள். இனிப்பாக இருக்கின்றன என்று அவற்றைத் தள்ளிவைக்கத் தேவையில்லை. சமோசா, கட்லெட் போன்றவற்றில் உள்ளடைப்பாக மீல்மேக்கர், கொண்டைக்கடலை மசியல், பனீர் ஆகியவை நிற்கும். கடலையிலும் மாவு உண்டு, ஆனால் அதன் குறியீடு 30ஐ ஒட்டியது. புரதமும் நாரும் கூடவே வருகின்றன.

வெளிநாட்டு மாற்றுகளில் இரண்டு வகை தனித்துக் குறிப்பிடத்தக்கவை. வட அமெரிக்கப் பூர்வகுடிகள் உண்ட ஜெருசலேம் ஆர்ட்டிசோக் என்னும் சூரியகாந்தி இனக் கிழங்கிலும், உருளை பிறந்த ஆண்டீஸிலேயே விளையும் யாக்கோனிலும் மாவுக்குப் பதிலாக இனுலின் வகை நார்ப்பொருள் சேர்ந்திருக்கிறது. அது குளுக்கோஸாக உடையாது. ஆனால் கூடுதலாக உண்டால் வயிறு உப்பிவிடும். இன்னொன்று ஜப்பானியரின் கொஞ்ஞாக்கு. அது நம் சேனைக்கிழங்கின் நெருங்கிய சொந்தம். இரண்டும் ஒரே பேரினம். கொஞ்ஞாக்குக் கிழங்கில் சேர்வது குளுக்கோமன்னான் என்ற கரையும் நார். அதில் செய்த நூடுல்ஸில் கலோரியே மிகக் குறைவு. சேனையில் சேர்வது மாவு. உறவுக்காரர் என்பதால் ஒன்றின் குணத்தை மற்றதற்கு ஏற்றிச் சொல்லமுடியாது.

மருந்தும் சிறுநீரகமும்

இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் எடுப்பவர்களும் ஒரே நாளில் சோற்றையும் கிழங்கையும் பாதியாக வெட்டக்கூடாது. மருந்து பழைய அளவிலேயே இருக்கும், உணவு குறைந்துவிடும். சர்க்கரை தாழ்நிலைக்கு இறங்கி வியர்வை, நடுக்கம், மயக்கம் வரலாம். உணவைக் குறைப்பதை மருத்துவரிடம் முன்கூட்டிச் சொல்லி மருந்தளவையும் மாற்றிக்கொள்ளவேண்டும்.

நீண்ட நாள் சர்க்கரையால் சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்குக் கணக்கு மாறுகிறது. உருளையில் பொட்டாசியம் நிறைய, 100 கிராம் பச்சைக் கிழங்கில் 400 மில்லிகிராமுக்கு மேல். சேனை, சர்க்கரைவள்ளி, வாழைக்காய் ஆகியவற்றிலும் அப்படியே. தோலோடு முழுதாக வேகவைப்பது சர்க்கரைக்கு நல்லது, பொட்டாசியத்துக்கு எதிரானது. பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் தோல் சீவி, சிறு துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். இப்படிச் செய்தால் ஏறத்தாழப் பாதிப் பொட்டாசியம் வெளியேறும். வெறுமனே ஊறவைப்பது இதற்கும் போதாது.

ஒருவருக்கு எவ்வளவு கிழங்கு பொருந்தும் என்பதை எந்தப் பட்டியலும் துல்லியமாகச் சொல்லாது. ஒரே அளவுக் கிழங்கை உண்ட இருவரின் சர்க்கரை இருவேறு உயரத்துக்குப் போகும். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் கண்டுகொள்வது கடினமல்ல. சாப்பிடுமுன் ஒருமுறை, சாப்பிடத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை விரல் நுனியில் பார்க்கவேண்டும். இரண்டாவது எண் 180ஐத் தாண்டாமலிருப்பது பெரும்பாலான பெரியவர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் இலக்கு. வயதானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மருத்துவர் வேறு எண் சொல்லலாம். ஒருநாள் வழக்கமான சோற்றோடு 75 கிராம் உருளைப் பொரியல். இன்னொரு நாள் அதே பொரியல், ஆனால் ஒரு கரண்டி சோறு குறைத்து. மற்றொரு நாள் முந்தைய இரவு அவித்து ஆறவைத்த கிழங்கு. மற்றவையெல்லாம் ஒரே மாதிரி இருக்க, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றவேண்டும். தேதி, அளவு, இரண்டு எண்கள் என்று நாலைந்து வாரம் எழுதிய நோட்டு, அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது கையில் இருந்தால், கிழங்கின் அளவையும் மாத்திரையின் அளவையும் அவரால் சேர்த்தே முடிவுசெய்ய முடியும்.